கொம்பியூட்டர் கேள்வி பதில்: திறக்க மறுக்கும் வாலட் கோப்பு

வெள்ளவத்தை வாசகர்: 2018இல் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்துக்கு, கெத் என்ற மென்பொருளில் ஒரு கணக்கு (வாலட்) தொடங்கினேன். கோப்பு யூஎஸ்பியில் இருக்கிறது, பாஸ்வேர்ட் கொப்பியில் எழுதியிருக்கிறது. பைத்தன் மொழியில் நானே கோட் எழுதித் திறக்கப் பார்த்தேன். முதலில் மெமரி போதாது என்று நின்றது. கோட்டில் 262144 என்று இருந்ததை 4096 ஆகக் குறைத்தேன், இப்போது பாஸ்வேர்ட் பிழை என்கிறது. தெரிந்த கடைக்காரர் கோப்பையும் பாஸ்வேர்டையும் வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்கிறார். அனுப்பலாமா?

அனுப்பாதீர்கள். அந்த இரண்டும் ஒருவர் கையில் சேர்ந்தால் காசு அவருடையது, எந்த வங்கிக்குப் போனாலும் திருப்பி எடுக்க முடியாது. அதோடு, நீங்கள் எழுதியதைப் பார்த்தால் உங்கள் பாஸ்வேர்ட் பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது, கோட்டில்தான் கோளாறு.

அந்த 262144 உங்கள் இஷ்டத்துக்கு மாற்றும் எண் இல்லை. பாஸ்வேர்டை எஸ்கிரிப்ட் முறையில் அரைத்து 32 பைட் சாவி ஒன்று எடுக்கிறார்கள், எவ்வளவு அரைக்க வேண்டும் என்பதைச் சொல்வது அந்த எண். அதைக் குறைத்தால் சரியான பாஸ்வேர்டிலிருந்தும் வேறு சாவிதான் வரும். அது தின்னும் மெமரி 128 × 262144 × 8, அதாவது 256 மெகாபைட். இந்த வேலையைச் செய்யும் பைத்தனின் ஹாஷ்லிப் நூலகம் சும்மா விட்டால் 32 மெகாபைட்டுக்கு மேல் அனுமதிக்காது, அதனால்தான் முதலில் நின்றது. எண்ணைப் பழையபடி வைத்துவிட்டு மேக்ஸ்மெம் என்ற அளவை 512 மெகாபைட்டாகக் கொடுங்கள். சரியாக 256 கொடுத்தாலும் மறுக்கும், கொஞ்சம் கூடுதலாகத் தேவைப்படுகிறது.

அடுத்த இடத்தில்தான் நிறையப் பேர் நாட்கணக்கில் மாட்டிக்கொள்கிறார்கள். அந்த 32 பைட் சாவியில் முதல் 16 பைட், ஏஇஎஸ் என்ற முறையில் போட்ட பூட்டைத் திறக்க, கடைசி 16 பைட் சரிபார்க்க: அதை முன்னால் வைத்து, பூட்டிய தரவைப் பின்னால் ஒட்டி, கெச்சாக்-256 என்ற முறையில் ஹாஷ் (தரவின் கைரேகை போன்ற ஒரு எண்) எடுத்து, கோப்பில் மேக் என்ற பெயரில் எழுதியிருக்கும் சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஹாஷ்லிப்பில் இருக்கும் எஸ்எச்ஏ3-256ஐப் போட்டுவிடாதீர்கள். பெயர் நெருக்கமாக இருந்தாலும் 2015இல் தரமாக்கியபோது அதில் ஒரு சிறு மாற்றம் செய்துவிட்டார்கள், எதீரியம் பழைய கெச்சாக்கையே வைத்திருக்கிறது. பைகிரிப்டோடோம் நூலகத்தில் கெச்சாக் தனியாகவே கிடைக்கும். இது மாறிப்போனால் எத்தனை சரியான பாஸ்வேர்ட் கொடுத்தாலும் பிழை என்றுதான் வரும்.

சரி, கோட் பிழையா பாஸ்வேர்ட் பிழையா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கெத்திலேயே புதிதாக ஒரு வெற்றுக் கணக்கு தொடங்கி, தெரிந்த ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்து, அந்தக் கோப்பை உங்கள் கோட்டால் திறந்து பாருங்கள். அது திறந்தால் மட்டும் 2018 கோப்பைத் தொடுங்கள், அதுவும் பிரதியை, வைஃபையை நிறுத்திவிட்டு. பூட்டுத் திறந்ததும் கிடைக்கும் ரகசியச் சாவியிலிருந்து வரும் முகவரி கோப்பில் உள்ள முகவரியோடு பொருந்த வேண்டும். பாஸ்வேர்டை டெக்ஸ்ட் பைலிலிருந்து வாசிக்கிறீர்கள் என்றால் கடைசியில் ஒட்டியிருக்கும் புதுவரிக் குறியையும் வெட்டிவிடுங்கள்.

கொட்டாஞ்சேனை வாசகர்: நான் பாஸ்வேர்டைத் தமிழில் வைத்தேன். பழைய லப்டொப்பில் திறந்தது, புதிய லப்டொப்பில் அதே சொல்லை அடித்தால் திறக்கவில்லை. ஏன்?

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கோட்டுக்கு ஒன்றல்ல. ‘கொ’வில் வரும் கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் பதிவாகலாம், கொம்பு தனி கால் தனி என்று இரண்டாகவும் பதிவாகலாம், கீபோர்ட் மென்பொருளைப் பொறுத்தது. முதல் வகையில் 3 பைட், இரண்டாவதில் 6 பைட். பைட் மாறினால் சாவியும் மாறிவிடும். ‘கோ’வுக்கும் இதே கதை, ‘கௌ’வில் கடைசிக் குறிக்குப் பதிலாக ‘ள’ அடிக்கும் பழக்கமும் பலரிடம் உண்டு. பைத்தனின் யூனிகோட்டேட்டா நூலகத்தில் சொல்லை என்எஃப்சி (சேர்த்த வடிவம்), என்எஃப்டி (பிரித்த வடிவம்) என்ற இரு வடிவிலும் மாற்றி, இரண்டையும் முயன்று பாருங்கள். நீங்கள் பாமினி என்ற பழைய தமிழ் கீபோர்ட் முறையில் பழகியவராக இருந்தால் இன்னொரு சந்தேகமும் எனக்கு வருகிறது: கீபோர்ட் ஆங்கிலத்திலேயே இருக்க, விரல்கள் பாமினி விசைகளை அடித்திருக்கலாம். பாஸ்வேர்ட் பெட்டியில் புள்ளிகள் மட்டுமே தெரிவதால் அன்றைக்கு உங்களுக்குத் தெரிந்திருக்காது. அதே விசைகளை ஆங்கிலத்தில் வைத்து ஒருமுறை அடியுங்கள்.

ஒரு முயற்சிக்கு ஏறக்குறைய ஒரு விநாடி எடுக்கும், ஆகவே இப்படிப் பத்து இருபது வடிவங்களைப் பார்ப்பது சுலபம். ஒன்றுமே ஞாபகமில்லாமல் ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளை மட்டும் வரிசையாகத் தேடினாலும் கிட்டத்தட்ட பத்து வருடம் ஆகும். சொல்லின் பெரும்பகுதி நினைவில் இருந்தால்தான் இந்த வழி.

தெஹிவளை வாசகர்: என்னிடம் பிட்கொயின் நாணயத்துக்கான பிட்கொயின் கோர் மென்பொருளின் பழைய வாலட் கோப்பு இருக்கிறது. இதே கோட்டால் திறக்குமா?

திறக்காது, அதன் பூட்டும் சாவி எடுக்கும் முறையும் வேறு. ஆனால் அதில் ரகசியச் சாவிகளை மட்டுமே பூட்டியிருக்கிறார்கள், முகவரிகள் திறந்தேதான் இருக்கும். கோப்பைப் பிரதி எடுத்து பிட்கொயின் கோரின் 29ஆவது அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் ஏற்றி (30ஆவது பதிப்பிலிருந்து பழைய வகைக் கோப்பை நேரடியாக ஏற்ற முடியாது), பாஸ்வேர்ட் இல்லாமலே மீதி எவ்வளவு என்று முதலில் பாருங்கள். ஒன்றும் இல்லை என்று தெரிந்தால் மினக்கெட வேண்டியதில்லை.