“நாளைக்கு முதல் வரண்டாம்”: சங்கம் வைத்தவர்களின் கேள்விகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தொழிற்சங்கம் பற்றியவை. இதை எழுதும் தகுதி எனக்கு ஒன்றுதான்: முப்பது வருடம் தொழிலாளர் வழக்குக் கட்டுகளோடு நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி லேபர் கோர்ட்டுக்குப் பஸ் ஏறியிருக்கிறேன். ஒருவர் தவிர எல்லாருமே “பேர் போட வேண்டாம்” என்று கேட்டிருந்தார்கள். போடவில்லை.

அண்டியாபீஸில் பன்னிரண்டு வருஷமாகத் தோல் உரிக்கிறேன். கிலோக் கணக்கில்தான் கூலி. சங்கத்தில் சேர்ந்த எங்கள் மூன்று பேரையும் மேஸ்திரி “நாளைக்கு முதல் வரண்டாம்” என்று சொல்லிவிட்டார். கடிதம் எதுவும் தரவில்லை. கிலோக் கூலிக்காரிக்குச் சட்டம் உண்டா ஐயா?
— முந்திரி ஆலைத் தொழிலாளி, கல்குளம் தாலுகா

உண்டு அம்மா. மாதச் சம்பளமா, தினக்கூலியா, கிலோக் கூலியா என்பதை வைத்துத் தொழிலாளி என்ற தகுதி போய்விடாது. சங்கத்தில் சேர்ந்ததற்காக வேலையை விட்டு நிறுத்துவது சட்டத்தின் மொழியில் ‘நியாயமற்ற தொழில் நடவடிக்கை’. பலருக்குத் தெரியாத ஒன்றையும் சொல்கிறேன். சங்கம் உருவாகும் நேரம் பார்த்து, அதைக் கலைக்கும் நோக்கத்தோடு திடீரென்று கூலியை ஏற்றிக் கொடுப்பதும், முதலாளியே ஆள் வைத்து ஒரு போட்டிச் சங்கம் தொடங்குவதும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது, நாளைக் காலையும் மூன்று பேரும் வழக்கமான நேரத்துக்கு கேட்டுக்குப் போவது. உள்ளே விடாவிட்டால் அன்றைக்கே, “இன்ன தேதி, இத்தனை மணிக்கு வந்தோம், அனுமதிக்கவில்லை, வேலை செய்யத் தயாராக இருக்கிறோம்” என்று நாலு வரி எழுதி நிர்வாகத்துக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். நகலும் தபால் ரசீதும் பத்திரம். ஏன் என்றால், லேபர் ஆபீஸில் சமரசப் பேச்சு தொடங்கியதும் நிர்வாகம் சொல்லப்போகும் முதல் வாக்கியம் எனக்கு இப்போதே தெரியும்: “நாங்கள் யாரையும் நிறுத்தவில்லை, அவர்களாகவே வரவில்லை.” வாய்வார்த்தையாக நிறுத்துவதே அதற்காகத்தான்.

அடுத்து, சமரச அதிகாரியிடம் மூவரும் தனித்தனியாக மனு கொடுங்கள். 45 நாளில் முடிவு வராவிட்டால் அரசு அனுமதிக்குக் காத்திராமல் நேராகத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பழைய சட்டத்தில் அதற்கு மூன்று வருட அவகாசம் இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்திருக்கும் தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்தில் சமரச அதிகாரியிடம் போகவே இரண்டு வருடம்தான், அவருடைய அறிக்கை கைக்கு வந்த 90 நாளுக்குள் தீர்ப்பாயத்துக்குப் போய்விட வேண்டும். “பார்த்துக்கலாம்” என்று கிடந்துவிடாதீர்கள்.

உங்களைப் போன்ற ஒரு பெண்ணின் வழக்கை நான் நடத்தியிருக்கிறேன். அவர் தங்கள் ஆலையில் வேலையே பார்க்கவில்லை என்று நிர்வாகம் சாதித்தது. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லை. அவர் என்னிடம் கொண்டுவந்தது ஒரு பழைய டிபன் பாத்திரம். உள்ளே ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய இருநூற்றுச் சொச்சம் எடைச் சீட்டுகள். அண்டி எண்ணெய் பட்டு ஓரமெல்லாம் கறுத்திருந்தன. தேதி, கிலோ, சூப்பர்வைசரின் சுழித்த கையெழுத்து. குறுக்கு விசாரணையில் அந்தக் கையெழுத்தைத் தன்னுடையது என்று சூப்பர்வைசர் ஒப்புக்கொள்ள ஒரு முழு மதியம் ஆனது. வழக்கு ஜெயித்தது, ஆறு வருடம் கழித்து. அதற்குள் அந்த ஆலை வேறு பெயரில் வேறு இடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. பணம் வந்தது, வேலை வரவில்லை. உங்களிடம் எடைச் சீட்டு, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. அட்டை என்று எது இருந்தாலும் இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

உலக அளவில் தொழிற்சங்க உரிமைக்கு நாடுகளைத் தரம் பிரிப்பார்களாமே. அதில் இந்தியா எங்கே? வகுப்பில் செமினார் எடுக்க வேண்டும்.
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

சர்வதேசத் தொழிற்சங்கக் கூட்டமைப்பு 2014 முதல் வருடாவருடம் வெளியிடும் குறியீட்டைத்தான் கேட்கிறீர்கள். 1 நல்லது, 5 ‘உரிமைக்கு உத்தரவாதம் இல்லை’. சட்டம் ஒழுங்கே குலைந்த நாடுகளுக்கு 5+. இந்தியாவுக்கு 5. 2025 பட்டியலில் மிக மோசமான பத்து நாடுகளில் வங்கதேசம், பெலாரஸ், எகிப்து, மியான்மர், பிலிப்பைன்ஸ், துருக்கி ஆகியவை உண்டு. ஆய்வு செய்த நாடுகளில் 87 சதவீதத்தில் வேலைநிறுத்த உரிமை மீறப்பட்டிருக்கிறது. இதைத் தயாரிப்பது சங்கங்களின் கூட்டமைப்பு என்பதையும் செமினாரில் சொல்லுங்கள். மறைக்கத் தேவையில்லை.

எண்களோடு நிறுத்திவிடாதீர்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 87-ஆம் உடன்படிக்கை (1948) சங்கம் அமைக்கும் சுதந்திரம் பற்றியது. 98-ஆம் உடன்படிக்கை (1949) கூட்டுப் பேர உரிமை பற்றியது. 1919-இல் அந்த அமைப்பு தொடங்கியபோதே உறுப்பினரான இந்தியா இந்த இரண்டையும் இன்றுவரை ஏற்கவில்லை. அமெரிக்காவும் சீனாவும் அப்படியே. பாகிஸ்தான், இலங்கை, வங்கதேசம் மூன்றும் ஏற்றிருக்கின்றன. ஆனால் ஏற்றுக் கையெழுத்துப் போட்ட வங்கதேசத்தில்தான் ஆடைத் தொழிலாளர்களின் அமைப்பாளர் அமினுல் இஸ்லாம் 2012-இல் கொல்லப்பட்டார். அடுத்த வருடம் ஏப்ரல் 24-இல் ராணா பிளாசா கட்டடம் விழுந்து 1,134 பேர் செத்தார்கள். முந்தைய நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கியும் கடைகளும் மூடிவிட்டன. மேலே இருந்த தையல் ஆலைகளின் தொழிலாளர்களை மட்டும், வராவிட்டால் சம்பளம் போய்விடும் என்று மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். அந்த ஆலைகள் எதிலும் சங்கம் இல்லை. “ஏறமாட்டோம்” என்று எல்லாருக்குமாகச் சேர்த்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. உங்கள் செமினாரை நான் எடுத்தால் அந்த விரிசலில் இருந்துதான் தொடங்குவேன்.

வளைகுடாவில் அரபாபின் (முதலாளியின்) படகில் மீன் பிடிக்கப் போகிறேன். பங்குதான், சம்பளம் இல்லை. போன முறை மூன்று மாதப் பங்கைத் தரவில்லை. நாலு பேர் சேர்ந்து கேட்டால் சங்கம் வைத்ததாக ஊருக்கு அனுப்பிவிடுவார்கள் என்கிறார்கள். உண்மையா அண்ணாச்சி?
— மீனவர், குளச்சல் (குரல் பதிவு)

எந்த நாடு என்று சொல்லவில்லை. அதைப் பொறுத்துத்தான் பதில். சவூதியிலும் அமீரகத்திலும் உங்களுக்குச் சங்கமே கிடையாது. வேலைநிறுத்தம் செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களை அமீரகத்தில் திருப்பி அனுப்பியதும் நடந்திருக்கிறது. கத்தாரில் சங்கம் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும். குவைத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்த வெளிநாட்டவர் சேரலாம், ஓட்டுப் போட முடியாது. பஹ்ரைன் கொஞ்சம் தேவலை, 2002 சட்டப்படி வெளிநாட்டவரும் சேரலாம்.

உங்களுக்கு இன்னொரு சிக்கல், பங்கு. பங்குக்குப் போகிறவரைத் தொழிலாளி என்று சொல்லாமல் கூட்டாளி மாதிரிக் காட்டிவிடுவார்கள். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 188-ஆம் உடன்படிக்கை (2007) பங்குக்குப் போகிறவரையும் மீனவர் என்றே கணக்கில் சேர்க்கிறது, எழுத்து ஒப்பந்தமும் கேட்கிறது. இந்தியா அதையும் ஏற்கவில்லை. ஆகவே சட்டத்தை நம்பிப் போகாமல் காகிதத்தோடு போங்கள்: ஒப்பந்த நகல், விசா, அடையாள அட்டை மூன்றின் போட்டோவையும் வீட்டில் மனைவியின் போனில் ஏற்றி வையுங்கள். ஒவ்வொரு முறை கரைக்கு வந்ததும் பிடித்த மீனின் எடையையும் விற்ற விலையையும் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். தேதி தானாக விழும். பிரச்சினை என்றால் தூதரகத்தில் மனு, வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) இணையதளத்தில் புகார், சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறை. கூட்டமாகப் போய் அரபாபிடம் கத்துவதைவிட நாலு பேரும் தனித்தனி மனுவை ஒரே நாளில் கொடுப்பது பாதுகாப்பு. 2020-இல் ஈரானில் மாட்டிக்கொண்ட நம் மீனவர்களைக் கடற்படைக் கப்பல் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்ததே, அதற்கும் யார் எந்தத் துறைமுகத்தில் இருக்கிறார் என்ற விவரம் முதலில் தேவைப்பட்டது.

2003-இல் எஸ்மா (அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம்) போட்டு என்னையும் டிஸ்மிஸ் செய்தார்கள். பிறகு எழுதிக் கொடுத்துத் திரும்பினேன். வேலைநிறுத்தம் உரிமையா இல்லையா, கடைசியில்?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், தக்கலை

சார், அந்த ஜூலை எனக்கும் நினைவிருக்கிறது. சுமார் 1.7 லட்சம் பேரை ஒரே அடியாக வேலையில் இருந்து எடுத்தார்கள். ஆகஸ்ட் 6-இல் உச்ச நீதிமன்றம் அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ இல்லை என்றது. பெரும்பாலானோர் மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் திரும்பினார்கள். ஆனால் அது அரசு ஊழியருக்குச் சொன்னது. தனியார் ஆலைத் தொழிலாளிக்குச் சட்டம் வகுத்த வழியில் வேலைநிறுத்தம் உண்டு. புதிய சட்டத்தில் எல்லாத் தொழிலுக்கும் 14 நாள் முன்னறிவிப்புக் கட்டாயம். பாதிப்பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது வேலைநிறுத்தக் கணக்கில் சேரும்.

அந்த 87-ஆம் உடன்படிக்கையை டெல்லி ஏற்காததற்கு அரசு சொல்லும் காரணமே உங்களைப் போன்ற அரசு ஊழியர்தான். உங்களுக்கு விதித்திருக்கும் தடைகளை எடுக்க வேண்டிவரும் என்கிறார்கள். இன்னொரு வேடிக்கை, அந்த உடன்படிக்கையில் ‘வேலைநிறுத்தம்’ என்ற சொல்லே கிடையாது. அதைப் பிடித்துக்கொண்டு 2012-இல் முதலாளிகள் தரப்பு தொடங்கிய சண்டை, 2023-இல் ஹேக் சர்வதேச நீதிமன்றம் வரை அனுப்பப்பட்டது.

சங்கம் வந்தால் கம்பெனி ஓடிப்போகும். அமெரிக்காவில் இந்தத் தகராறெல்லாம் உண்டா? தாராளமாக என் பெயரைப் போடலாம்.
— கடை உரிமையாளர், பூதப்பாண்டி

கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவா பிறந்த ஊரில் இருந்து இப்படி ஒரு கேள்வி! உண்டு ஐயா. 1981-இல் வேலைநிறுத்தம் செய்த 11,000-க்கும் மேற்பட்ட விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களை அதிபர் ரேகன் நீக்கினார். 2022-இல் நியூயார்க்கின் அமேசான் கிடங்கில் 2,654-க்கு 2,131 என்று ஓட்டுப்போட்டுச் சங்கம் வென்றது. ஓட்டுக்கு முன், வேலை நேரத்தில் கட்டாயமாக உட்கார வைத்துச் சங்கத்துக்கு எதிராகப் பாடம் நடத்தினார்கள். அந்தக் கட்டாயக் கூட்டங்கள் செல்லாது என்று 2024-இல் அங்குள்ள தொழிலாளர் வாரியம் சொன்னது. கம்பெனியும் ஓடவில்லை. உங்கள் பெயரை நானாகத்தான் போடவில்லை. கடை வியாபாரம் கெட வேண்டாம்.

ஸ்ரீபெரும்புதூரில் வேலை பார்க்கிறேன். சங்கத்தின் பெயரில் கம்பெனி பெயர் வந்தால் பதிவு கிடைக்காது என்கிறார்களே?
— டிப்ளமோ தொழிலாளி, சொந்த ஊர் விளவங்கோடு

சாம்சங் விஷயத்தில் அதே வாதம் எழுந்தது. 2024 செப்டம்பர் 9-இல் தொடங்கி 37 நாள் வேலைநிறுத்தம், பிறகு உயர் நீதிமன்றம். 2025 ஜனவரியில் அந்தப் பெயரோடே பதிவு கிடைத்தது. நம் ஊரில் சங்கங்களுக்கு ஒரு சட்டம் வந்ததே இப்படி ஒரு இழுபறியில்தான். 1918-இல் சென்னையில் பின்னி ஆலைத் தொழிலாளர்கள் சங்கம் கண்டார்கள். நிர்வாகம் வழக்குப் போட்டு 1921-இல் சங்கத் தலைவர் வாடியாவுக்கு எதிராகத் தடையாணை வாங்கியது. 1926 சட்டம் அதற்குப் பிறகு வந்தது.

மீன்வலைக் கம்பெனியில் 240 பேர் இருக்கிறோம், முக்கால்வாசி பெண்கள். எத்தனை பேர் சேர்ந்தால் பதிவு செய்யலாம்?
— நாகர்கோவில்

பத்து சதவீதம் அல்லது நூறு பேர், எது குறைவோ அது. ஏழுக்குக் கீழே போகக் கூடாது. உங்களுக்கு இருபத்துநாலு போதும். ஆனால் நாற்பது பேரைச் சேர்த்த பிறகு விண்ணப்பியுங்கள் தங்கச்சி. மனு போனதும் வீட்டுக்கு ஆள் வரும், அப்பாவிடம் பேசுவார்கள், கல்யாணப் பேச்சை இழுப்பார்கள், சிலர் பின்வாங்குவார்கள். மனுவில் கையெழுத்திட்டவர்களில் பாதிக்கு மேல் போகாதவரை, விலகலைக் காட்டி மட்டும் மனுவைத் தள்ள முடியாது. கையெழுத்து நோட்டை வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைக்காதீர்கள். சாயந்தரம் கேட்டில் பையைத் திறந்து பார்ப்பார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.