தோட்டத்துக்கு வரும் பறவைகளைப் படம் எடுக்க எங்கிருந்து தொடங்குவது? பெரிய லென்ஸ் இல்லாமல் முடியாதா?

முதலில் ஒரு நாற்காலி போடுங்கள். லென்ஸ் அப்புறம்.

நான் இதைத் தலைகீழாகச் செய்தவன். கேமரா கைக்கு வந்த மறுநாளே தோட்டத்தில் பறவைகளைத் துரத்த ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில் சேர்ந்ததெல்லாம் வால்கள்தான். பிறகு காய்ச்சல் வந்து நான்கு நாள் ஜன்னலோரம் கிடந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. தவிட்டுக்குருவிக் கூட்டம் சருகைப் புரட்டிக்கொண்டே தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில், ஒரே வழியாகப் போனது. கரிச்சான் ஒரே கம்பியில் உட்கார்ந்து, பூச்சியைப் பிடிக்கப் பாய்ந்துவிட்டு அதே கம்பிக்கே திரும்பியது. அப்படியானால் நான் எதற்கு ஓட வேண்டும்?

தேன்சிட்டைச் சொல்கிறேன். செம்பருத்திக்கு வரும்போது பூவின் வாய்க்குள் தலையை விடும் என்று நினைத்து, எப்போதும் அங்கேயே ஃபோகஸ் வைத்துக் காத்திருந்தேன். அதுவோ பூவின் பின்பக்கம் தொற்றிக்கொண்டு, அடியில் அலகால் ஒரு ஓட்டை போட்டு, பக்கவாட்டில் தேனை உறிஞ்சிவிட்டுப் போனது. மகரந்தம் ஒரு துளிகூட ஒட்டாத சுத்தமான திருட்டு! அதைக் கவனித்த பிறகு காம்பு சேரும் இடத்தில் ஃபோகஸ் வைத்தேன். அடுத்த நாளே தெளிவான படம் கிடைத்தது.

தீனியைவிடத் தண்ணீர் நல்லது. மேலோட்டமான மண்தட்டு, இரண்டு விரல்கடை ஆழத்துக்கு மேல் வேண்டாம். பக்கத்தில் தப்பி ஓட ஒரு கிளை இருக்கட்டும், ஆனால் பூனை பதுங்குகிற புதர் தட்டை ஒட்டியே இருக்கக் கூடாது. தினமும் தேய்த்துக் கழுவி நீரை மாற்றுங்கள், இல்லாவிட்டால் கொசுதான் வளரும். தேன்சிட்டு தட்டுக்கு வராமல் போகலாம். செடிக்கு நீர் தெளித்த பிறகு ஈர இலையில் உடம்பைத் தேய்த்துக் குளிக்கும், அங்கே பாருங்கள்.

கேமரா விஷயம் அதிகமில்லை. கண்ணில் ஃபோகஸ் இருக்க வேண்டும். கண் மங்கினால் மற்றதெல்லாம் கூர்மையாக இருந்தும் படம் தேறாது. சின்னப் பறவைகள் ஒரு நொடி சும்மா இருக்காது, அதனால் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/1000 நொடி, பறக்கும்போது 1/2000. வெளிச்சம் போதாவிட்டால் ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, தயங்காமல் ஏற்றுங்கள், புள்ளிகள் தெரிந்தாலும் பரவாயில்லை. காகம் படத்தை நிறைத்தால் கேமரா அதைச் சாம்பல் நிறமாக்கிவிடும், எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் ஒளியின் அளவை, கொஞ்சம் குறையுங்கள். நின்றபடி எடுக்காமல் பறவையின் உயரத்துக்கு இறங்கி எடுத்துப் பாருங்கள், அதே பறவை வேறு மாதிரி இருக்கும். ஜன்னல் வழியாக எடுத்தால் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு லென்ஸைக் கண்ணாடியோடு ஒட்டி வையுங்கள். இன்னொன்று, சொல்லக் கூச்சம்தான்: கிளையில் இருக்கிற பறவை எச்சமிட்டால் பெரும்பாலும் அடுத்து பறக்கப் போகிறது. விரல் தயாராக இருக்கட்டும்.

கூட்டுப் பக்கம் போகாதீர்கள். தொட்டிச் செடியில் கொண்டைக்குருவி கட்டிய கூட்டில் மூன்று முட்டை இருந்தது. மறைத்த இலையை ஒதுக்கி நாலு படம் எடுத்தேன், இலையைத் திரும்ப விடவில்லை. மதில்மேல் இருந்த காகம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. மாலையில் கூடு காலி. அந்த நாலு படமும் அருமையாக வந்திருந்தன. ஒன்றைக்கூட நான் யாருக்கும் காட்டியதில்லை. கைபேசியில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பதும் இதே வகைதான். கூடு கட்டும் காலத்தில் பறவை எதிரி வந்துவிட்டதென்று நினைத்து வேலையை விட்டுவிட்டு அலையும்.

சரி, லென்ஸ். 300 மி.மீ. வரை போகும் சாதாரண ஜூம், தட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தாராளம். அதுவும் இப்போது இல்லையென்றால் 8×42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாக்கும், முன் லென்ஸ் 42 மி.மீ. அகலம்) ஒன்றும் நோட்டு ஒன்றும் போதும். தேதி, நேரம், என்ன செய்தது என்று எழுதுங்கள். பெயர் தெரியாததை பறவையை அடையாளம் சொல்லும் மெர்லின் செயலியில் பார்க்கலாம், பட்டியலை பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இபேர்ட் தளத்தில் ஏற்றலாம். ஆனால் செயலி சொன்னதும் நம்பிவிடாமல் இன்னொரு முறை நேரில் பாருங்கள். பழுப்பில் வெள்ளைப் புள்ளி போட்ட ஒரு பறவைக்கு நான் மூன்று வாரம் என்னென்னவோ பெயர் எழுதி வைத்திருந்தேன். கடைசியில் பார்த்தால் பெண் குயில்.