மறு: ஒரே கொன்சோலுக்குச் செய்த விளையாட்டைக் கணினிக்கும் கொண்டுவரலாமா?

வணக்கம் தம்பி. வெள்ளவத்தையில் மூன்று பேராகச் சேர்ந்து பிளேஸ்டேஷன் போன்ற ஒரே கொன்சோலுக்கென்று செய்த விளையாட்டைக் கணினிக்கும் கொண்டுவந்தால், முதலில் வாங்கியவர்கள் கோபிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கோபிப்பார்கள், இரண்டு நாளைக்கு. 2017இல் பிளேஸ்டேஷன் 4க்கு மட்டும் வந்த ஹொரைசன் சீரோ டோனை 2020இல் சோனியே கணினிக்குக் கொண்டுவந்தது. போட்டிக் கொன்சோலான எக்ஸ்பொக்ஸை விற்கும் மைக்ரோசொப்ட்டின் சீ ஒஃப் தீவ்ஸ் விளையாட்டும் 2024இல் பிளேஸ்டேஷன் 5க்கு வந்துவிட்டது. பெரிய முதலாளிகளே மதில் தாண்டும்போது உங்களுக்கு என்ன வெட்கம்?

ஆனால் ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை படியுங்கள். முன்பணம் வாங்கியிருந்தால், வேறு தளத்தில் வெளியிடக் கூடாத காலம் எவ்வளவு என்று அதில் இருக்கும். அது முடியும்வரை மூச்சு விடாதீர்கள்.

உண்மையான தலையிடி வேறு. திரையில் வினாடிக்கு 30 சட்டகம் (ஃபிரேம், அதாவது ஒரு தனிப் படம்) மாறும் என்று எண்ணி, ஓட்டத்தையும் பாய்ச்சலையும் சட்டகக் கணக்கோடு கட்டியிருந்தால், வினாடிக்கு 144 சட்டகம் காட்டும் 144 ஹேர்ட்ஸ் திரையில் எல்லாம் கிட்டத்தட்ட ஐந்து மடங்கு வேகத்தில் பறக்கும். ஒரு நண்பரின் விளையாட்டில் கதவு திறக்குமுன்பே கதாநாயகன் சுவருக்குள் புகுந்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். அசைவுக் கணக்கைச் சட்டக எண்ணிக்கையோடு அல்ல, உண்மையில் கழிந்த நேரத்தோடு பிணையுங்கள். விசைப்பலகையில் விளையாடுபவரிடம், அங்கே இல்லாத கொன்சோல் பொத்தானைக் காட்டி, "வட்டப் பொத்தானை அழுத்தவும்" என்று சொல்லும் வரிகளையும் தேடிப் பிடியுங்கள். பிறகு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவின் கணினிக் கடையில் கூட்டிய சுமாரான கணினி ஒன்றில் ஓட்டிப் பாருங்கள்.

கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் கடையான ஸ்டீமில் ஒரு விளையாட்டைப் பதிய 100 டொலர். அந்த விளையாட்டின் வருமானம் 1,000 டொலரைத் தொட்டால் அது திரும்பும். மற்றக் கொன்சோல்களை இப்போதைக்கு விடுங்கள், மூன்று பேரால் முடியாது.