முகம் சிவந்தால் க்ரீமை நிறுத்தலாமா?

கேள்வி: பிறவியிலேயே நிறமி இல்லாத தோல் எனக்கு. நெற்றியில் சொரசொரப்பான வெயில் திட்டுகள். புற்றாக மாறலாம் என்று டாக்டர் 5 சதவீத ஃப்ளூரோயுராசில் க்ரீம் கொடுத்தார். பத்தே நாளில் சிவந்து எரிகிறது. ஒவ்வாமையா?

பதில்: பெரும்பாலும் இல்லை, மருந்து வேலை செய்கிறது. வேகமாகப் பெருகும் கெட்ட செல்கள் டி.என்.ஏ. உண்டாக்குவதை அது தடுக்கிறது. கண்ணுக்குத் தெரியாத திட்டுகளும் சேர்ந்து சிவப்பதால்தான் பலர் பயந்து பாதியில் விட்டுவிடுகிறார்கள். வழக்கமாக தினம் இருவேளை, 2 முதல் 4 வாரம். புண்ணாகிப் பொருக்குத் தட்டும்போது டாக்டரே நிறுத்தச் சொல்வார். முழுதும் ஆற ஓரிரு மாதம்கூட ஆகலாம். முகம் கழுவி, நன்றாக உலர்ந்தபின் மெல்லிசாகத் தடவுங்கள். கண், மூக்கோர மடிப்பு, உதடு பக்கம் போகவே கூடாது. பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெயிலைத் தவிருங்கள். கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடக்கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், கடும் வயிற்றுப்போக்கு வந்தால் அன்றே நிறுத்தி மருத்துவமனைக்குப் போங்கள்.