மலை வேட்டைக்கு 65 மி.மீ. ஸ்பாட்டிங் ஸ்கோப்பா, 85 மி.மீ.யா?

அலாஸ்காவுக்கு முதுகுப்பையோடு டால் ஆட்டு (வெள்ளைக் காட்டுச் செம்மறி) வேட்டைக்குப் போகிறேன், எந்த ஸ்பாட்டிங் ஸ்கோப் (முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கி) வாங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். முன் லென்ஸின் விட்டம் 65 மி.மீ. இருந்தால் போதும். 85 மி.மீ. ஸ்கோப் பெரும்பாலும் இரண்டு கிலோவை நெருங்கும், முக்காலியும் அதற்கேற்ற கனத்தில் வேண்டும், திரும்பும்போது இறைச்சி வேறு சுமக்கணும்.

அதற்காக பைனாகுலர் மட்டும் போதும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அங்கே பல பகுதிகளில் சுட அனுமதி வேண்டுமென்றால் கிடாயின் ஒரு கொம்பாவது முழு வட்டம் சுற்றியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கொம்பு நுனியும் உடைந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையென்றால் எட்டு வயதாவது ஆகியிருக்க வேண்டும், அந்த வயதைக் கொம்பு வளையங்களை எண்ணித்தான் கண்டுபிடிக்கணும். அரை மைல் தள்ளி நிற்கிற ஆட்டின் கொம்பு வளையத்தை பைனாகுலரில் எண்ணுவது நடக்கிற காரியமா?

பெட்டியில் 60 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். 65ஐ 60ஆல் வகுத்தால் கண்ணுக்கு வரும் ஒளிக்கற்றை 1.1 மி.மீ. அகலம்தான், அந்தி வெளிச்சத்தில் படம் இருண்டுவிடும். 30 மடங்கில் அதுவே 2 மி.மீ.க்கு மேல். வெயில் ஏறினால் கானல் அலையும், அப்போதும் மடங்கைக் குறைக்கத்தான் வேண்டும். அப்புறம், கண் வைக்கும் பகுதி மேல்நோக்கிச் சாய்ந்ததாக வாங்குங்கள், மேலே சரிவைப் பார்க்கக் கழுத்து வலிக்காது, முக்காலியும் குட்டையாக இருந்தால் போதும்.