350 ரூபாய் மடக்குக் கத்தி ஆடுகிறதா?

கோத்தகிரி கேரட் தோட்டத்துக்கு வாங்கிய 350 ரூபாய் சீனக் கத்தி இரண்டே வாரத்தில் மொண்ணையாகி ஆடவும் செய்கிறது என்கிறீர்கள். அலகில் எஃகின் வகைக் குறி என்ன பொறித்திருக்கிறது, பாருங்கள். 3சிஆர்13 (3Cr13) என்றால் கார்பன் சுமார் 0.3 சதவீதம்தான், மென்மையான எஃகு, சாணையில் சட்டென்று கூர் ஏறும், அதே வேகத்தில் போயும்விடும். 8சிஆர்13மோவி (8Cr13MoV) என்றால் கார்பன் 0.8 கிட்ட, கூர் கூடுதல் நாள் நிற்கும், கொடுத்த காசுக்கு நல்ல சரக்கு. ஆட்டத்துக்கு, அலகு மடங்கும் இடத்தில் இருக்கும் அச்சுத் திருகைக் கொஞ்சம் முறுக்கினால் போதும், ரொம்ப முறுக்கினால் திறக்கவே வராது. அப்புறம், இங்கே மழையில் ஈரத்தோடு மடித்து வைத்து என் கத்தியின் அச்சுக்குள் துரு ஏறிவிட்டது (தப்பு என்னுடையதுதான்). துடைத்துவிட்டு ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விடுங்கள், தேங்காய் எண்ணெய் நம் குளிருக்கு உறைந்துவிடும். திறந்த அலகை மடங்காமல் பிடிக்கும் பூட்டு நழுவினால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள், விரல் போய்விடும்.