அரசியல் சூடு ஏறிய விஷயத்தில் ஆய்வு செய்யும்போது, ஆய்வையும் தகவல் தந்தவர்களையும் எப்படிக் காப்பது?

நீலகிரி மாவட்டத்தின் கூடலூர் வட்டாரத்தில் நில உரிமை பற்றிக் களஆய்வு செய்துவருகிறேன். அதை வைத்தே சொல்கிறேன்.

இங்கே வாயைத் திறந்தாலே ஒரு பக்கத்தில் சேர்த்துவிடுவார்கள். ஜென்மம் என்பது ஜமீன் போன்ற பரம்பரை நில உரிமை. 1969-ம் வருட ஜென்ம ஒழிப்புச் சட்டத்தின் 'செக்‌ஷன் 17' நிலத்தில், அதாவது உரிமை யாருக்கு என்று முடிவாகாத எஸ்டேட் குத்தகை நிலத்தில், பட்டா இல்லாமல் வாழ்பவர்களில் பணியர் பழங்குடியினர், செட்டிமார், இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர், கேரளத்திலிருந்து வந்தோர் என எல்லோரும் உண்டு. மசினகுடிப் பக்கம் போனால் யானை வழித்தடம். அந்த வழித்தடத்தை அறிவித்த 2010 அரசாணையை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தும் சண்டை ஓயவில்லை. "நீங்க ஃபாரஸ்ட் ஆளா, எஸ்டேட் ஆளா?" என்றுதான் முதலில் கேட்பார்கள்.

யார் ஜீப்பில் போய் இறங்குகிறீர்கள் என்பதிலேயே பாதி ஆய்வு முடிந்துவிடும். வனத்துறை ஜீப்பில் போனால் விறகு பற்றி ஒருவரும் பேச மாட்டார்கள். கட்சிக்காரர் கூட்டிப்போனால் அவருக்குப் பிடித்த பதில்தான் கிடைக்கும். அரசு பஸ்ஸில் போய் மீதியை நடந்துவிடுங்கள். யானை நடமாட்டம் உள்ள இடமென்றால் பொழுது சாயுமுன் திரும்பிவிட வேண்டும்.

நாம் ஆய்வை முடித்துக் கிளம்பிவிடுவோம். பேசியவர் அதே எஸ்டேட் லைன் வீட்டில் இருந்துகொண்டு, அதே சூப்பர்வைசரிடம் நாளைக்கும் தேயிலைக் கொழுந்து நிறுக்க வேண்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. 'புருஷனை யானை அடித்தபின் இழப்பீட்டுக்கு அலையும் அங்கன்வாடி ஆயா' என்று எழுதினால் அது யாரென்று ஊரே சொல்லிவிடும். வாதத்துக்குத் தேவைப்படாத அடையாளம் ஒன்றுகூட வேண்டாம்.

'ரகசியம் காப்பேன்' என்று அவசரப்பட்டு வாக்குக் கொடுக்காதீர்கள். வக்கீலுக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு நம் நாட்டில் ஆய்வாளருக்கு இல்லை. இப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 94-ம் பிரிவின்படி நீதிமன்றமோ காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியோ உங்கள் ஆவணங்களையும் போனையும் கேட்க முடியும். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரியில் இதுதான் நடந்தது. தாங்கள் இறக்கும்வரை வெளியே வராது என்று நம்பி, வட அயர்லாந்து ஆயுதக் குழுக்களில் இருந்தவர்கள் மனம்திறந்து பேசினார்கள். 2011-ல் கல்லூரிக்குச் சம்மன் வந்தது. வழக்காடியும் சில பதிவுகள் போலீஸ் கைக்குப் போயின.

அதனால், காப்பாற்ற முடியாத தகவலைச் சேகரிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. பெயரில்லாமல் பதிவுசெய்யுங்கள். ஒப்புதலை வாய்மொழியாக வாங்க, உங்கள் நிறுவனத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவிடம் அனுமதி கேளுங்கள். கைநாட்டு வைத்த தாளே நாளைக்கு அவர்மீது சாட்சியாகலாம். ஒலிப்பதிவை எப்போது அழிப்பீர்கள் என்பதையும் அந்த விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். சம்மன் வந்தபின் அழித்தால் அது குற்றம்.

ஆய்வைக் காப்பதற்கு, கேள்விகளையும் முறையையும் களத்துக்குப் போகுமுன்பே தேதி போட்டு ஆய்வு வழிகாட்டியிடம் கொடுத்துவிடுங்கள். முடிவு இரு தரப்புக்கும் கசக்கலாம், அதற்காக ஒரு வரியையும் மழுப்ப வேண்டாம். அச்சுக்குப் போகுமுன் ஊரில் உட்கார்ந்து தமிழில் படித்துக்காட்டுங்கள். 'நான் சொன்னதை எடுத்துடுங்க' என்று யாராவது கேட்டால், காரணம் கேட்காமல் எடுத்துவிடுங்கள்.